டின் மேல் எழுதாத ஊர்

வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 32 ஆண்டுகள் எண்ணெய்க்கடை நடத்தியவர்

கேள்வி: அம்மாபேட்டையில் வீட்டிலேயே தட்டுவடை, முறுக்கு சுட்டு விற்கிறேன். கடலை எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. ஆறு மாதமாக சோயா ரீஃபைண்டு எண்ணெய்தான். "அது மரபணு மாற்றிய சோயா" என்று கல்லூரியில் படிக்கும் மகள் தினமும் சண்டை போடுகிறாள். வாங்க வருகிறவர்கள் என்ன எண்ணெய் என்று கேட்டால் சொல்லப் பயமாக இருக்கிறது. நான் செய்வது தப்பா?

பதில்: சோயா எண்ணெயில் சுடுவது தப்பில்லை, தங்கச்சி. சொல்லாமல் மறைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்றால், அதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

பல வருடத்துக்கு முன் ஏற்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் மாதாமாதம் கடைக்கு வருவார். ஒருநாள் சோயா டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த ஊர் விதைங்க?" என்று கேட்டார். "நல்ல எண்ணெய்ங்க, ஒண்ணும் பண்ணாது" என்றேன். டின்னை வைத்துவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை. அவர் கேட்டது ஊரை. நான் சொன்னது வேறு எதையோ. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன். நாம் இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து வருகிறது. களைக்கொல்லி அடித்தாலும் சாகாதபடி மரபணு மாற்றிய சோயாவை அர்ஜென்டினா 1996-லேயே அனுமதித்துவிட்டது. அந்த வகைச் சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய நம் மத்திய அரசின் குழு 2007-ல் அனுமதி தந்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் விளையும் சோயா அப்படியில்லை. மரபணு மாற்றிய சோயாவை இங்கே பயிரிட அனுமதி கிடையாது. உங்கள் கையில் இருக்கும் டின் எந்தச் சோயா என்று அதன் மேல் எழுதியிருக்காது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். மாற்றிய மரபணுவும் அது உண்டாக்கும் புரதமும் விதையில் இருப்பவை. எண்ணெய் வெறும் கொழுப்பு. பசை நீக்கி, மண்ணில் வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாடை எடுத்த பிறகு அந்தப் புரதம் எதுவும் மிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். பரிசோதனைச் சாலையில் கொடுத்தாலும் இது எந்த விதையின் எண்ணெய் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் லேபிள் எதற்கு? அமெரிக்கா 2018-ல் போட்ட விதியில், மாற்றிய மரபணுவின் தடயம் இல்லாத சுத்திகரித்த எண்ணெய்க்கு அறிவிப்பு வேண்டாம் என்றது. ஐரோப்பா, தடயம் இருக்கிறதோ இல்லையோ, விதை அப்படிப்பட்டதென்றால் எழுது என்கிறது. நான் ஐரோப்பாவின் பக்கம். நம் நாட்டிலும், மரபணு மாற்றிய கடுகை இங்கே பயிரிடலாமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் கடுகைப் பற்றி மாறுபட்டார்கள். ஆனால் இறக்குமதியாகும் மரபணு மாற்றிய உணவுக்கு, குறிப்பாகச் சமையல் எண்ணெய்க்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் லேபிள் பிரிவைப் பின்பற்ற வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, ஜனங்களுக்கு விஞ்ஞானத்தின் மேல் கோபமில்லை. தனக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள், நியாயம்தானே? களைக்கொல்லி தாங்கும் விதையால் ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்கு வேலை மிச்சம். எண்ணெய்ச்சட்டி முன் நிற்கும் உங்களுக்கு ஒன்றுமில்லை. சோயா எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் லேசாக மீன் வாடை அடிக்குமே, அது அதில் இருக்கும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பால் வருவது. அதைக் குறைத்து, சூடு தாங்கும்படி செய்த சோயா வகைகள் வந்துவிட்டன. மரபணுத் திருத்தம் செய்த அப்படி ஒரு சோயாவின் எண்ணெய் 2019-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இதைச் சொன்னபோது, முன்பு முகம் சுளித்தவர்களே "அது இங்கே வருமா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

எனக்குப் பெரிய கவலை காடுதான். அமேசானில் காடழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகள் 2006-ல் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்திலேயே செராடோ என்ற புல்வெளிக்காடு அந்த ஒப்பந்தத்தில் வரவில்லை; அங்கே உழவு பரவியது. ஒரே களைக்கொல்லியை வருடக்கணக்கில் அடித்ததில் அதற்கும் சாகாத களைகள் முளைத்துவிட்டன. சோயாவின் நல்லதையும் சொல்ல வேண்டும்: வேர் முடிச்சில் தனக்கான தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், யூரியா அதிகம் கேட்காது. சோயாவை விட்டுப் பாமாயிலுக்குப் போனாலும் காட்டுக் கணக்கு தீராது. அது ஏக்கருக்குப் பல மடங்கு எண்ணெய் தரும், ஆனால் இந்தோனேசியாவில் அதற்காகவும் காடு போயிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: "சோயா எண்ணெயில் சுட்டது" என்று ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். சனிக்கிழமை மட்டும் கடலை எண்ணெயில் ஒரு ஈடு போட்டு, அதற்குத் தனி விலை வையுங்கள். காய்ந்த எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். மரபணுவை விட உடம்புக்குக் கெடுதல் அதுதான்.

கேள்வி: சோயாவை வாங்கி நாமே செக்கில் ஆட்டிக்கொள்ளலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: கட்டாதுங்க. சோயாவில் நூற்றுக்கு 20 பங்குக்குள்தான் எண்ணெய். அதனால்தான் மில்லில் அவலாகத் தட்டி, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயை இறக்குகிறார்கள். மிச்சமாகும் புண்ணாக்குக்குத்தான் கிராக்கி. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு அது இல்லாமல் முடியாது. நிலக்கடலைப் பருப்பில் 45 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. மலையிறங்கும்போது சேலம் லீ பஜாரில் புதுக்கடலை பார்த்து வாங்கி, ஒரு நாள் வெயில் காட்டி ஆட்டுங்கள். பூஞ்சை பிடித்த பருப்பு ஒன்று கூட இருக்கக் கூடாது, உட்கார்ந்து பொறுக்கிவிட்டுக் கொடுங்கள்.