கப்பல்காரர் பதில்கள்

(அந்தமான் கப்பல்களில் பண்டாரியாக (சமையல்காரராக) இருந்து ஓய்வு பெற்று, இப்போது ராயபுரத்தில் வசிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி போட்டோவைத்தான் காட்டுகிறார்கள். யாரும் அதிகம் போகாத தீவைப் பார்க்க ஆசை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி கிரேட் நிக்கோபார் வரைக்கும் போய்வர முடியுமா? பட்டறையைப் பத்து நாள் மூடலாம்.

பதில்: பத்து நாள் பத்தாது தம்பி. இங்கிருந்து போர்ட்பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது) சுமார் 1,200 கிலோமீட்டர். போக மூன்று நாள், வர மூன்று நாள். அங்கிருந்து கிரேட் நிக்கோபாரில் கப்பல் நிற்கும் ஊரான கேம்பல்பே இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கார் நிக்கோபார், கட்சால் என்று தீவு தீவாக நின்று போகும் கப்பல் என்றால் ஒரு வழிக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். கரையில் கால் வைக்காமலே பத்து நாள் தாண்டிவிட்டது பாருங்கள். அடுத்த கப்பலுக்காகக் காத்துக் கிடப்பது தனிக் கணக்கு. டிக்கெட்டில் முன்னுரிமை தீவுக்காரர்களுக்குத்தான், அதுதான் நியாயமும்கூட.

திரும்பும் தேதியை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். என் அக்கா மகளுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன். ஐப்பசியில் போய் தேதி வைத்திருந்தார்கள். புயல் என்று நாலு நாள் கப்பலை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நீங்கள் தை முதல் பங்குனிக்குள் போங்கள், கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

பங்க் கிளாஸில் (அடுக்குப் படுக்கை வகுப்பு) போவதானால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கை கேளுங்கள், ஆட்டம் குறைவு. துறைமுகத்துத் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் தூக்கிப்போடும். வாந்திக்குப் பயந்து பட்டினி கிடப்பவர்கள்தான் அதிகம் எடுப்பார்கள். எலுமிச்சை ஊறுகாய், பொரி, உப்பு பிஸ்கட் கையில் இருக்கட்டும். முடியாவிட்டால் மேல்தளத்துக்கு வந்து தூரத்துக் கடல்விளிம்பைப் பாருங்கள். இரண்டாம் நாள் தண்ணீர் மையைக் கரைத்த மாதிரி ஆகிவிடும். காசிமேட்டில் கூறு கட்டி விற்கும் அதே கோலா மீன், கப்பல் ஓரமாகக் கூட்டமாய் எழும்பிப் பறந்துபோய் விழும். அதைப் பார்த்தால் வாந்தி மறந்துவிடும்.

அப்புறம் அனுமதி. நிக்கோபார் தீவுகளில் பெரும்பகுதி 1956-ஆம் வருட விதிகளின்படி பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. தனி அனுமதிச்சீட்டு இல்லாமல் இறங்க முடியாது, சும்மா சுற்றிப் பார்க்க என்றால் கிடைப்பதும் கஷ்டம். கேம்பல்பேயில் குடியேறியவர்கள் வாழும் பகுதி வேறு கணக்கு. அதற்கு என்ன தாள் வேண்டும் என்று போர்ட்பிளேரில் விசாரித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். தெற்கே கோடியில் இந்திரா முனை. 2004 சுனாமியில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது.

பத்து நாள்தான் என்றால் லிட்டில் அந்தமானில் இருக்கும் ஹட்பேயைப் பாருங்கள். போர்ட்பிளேரிலிருந்து படகில் ஏழெட்டு மணி நேரம். கடற்கரை, அருவி, பழைய செம்பனைத் தோட்டம் எல்லாம் உண்டு, கூட்டம் கிடையாது. ஓங்கே பழங்குடி மக்களின் பகுதிப் பக்கம் மட்டும் போகக்கூடாது.

கேள்வி: வடக்கு சென்டினல் தீவைப் படகில் தூரத்திலிருந்தாவது பார்க்கலாமா அண்ணே? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: கூடாது. வெளியாட்களை அண்டவிடாத பழங்குடி மக்கள் வாழும் தீவு அது. தீவைச் சுற்றி 5 கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், யாரும் நெருங்கக்கூடாது. 2018-ல் மீனவர்களுக்குக் காசு கொடுத்துப் போன ஓர் அமெரிக்கர் அங்கே உயிரை விட்டார், கூட்டிப்போனவர்கள் கைதானார்கள். யாராவது வந்து "நான் காட்டறேன் சார்" என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.