சாவி இல்லாமத்தானே நடக்கல

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகத் தலைமையாசிரியராக இருக்கிறேன். வரும் மே மாதம் ஓய்வு. எல்லாவற்றையும் கடைசி நாளில் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகக்கூடாது என்று இந்த ஜூனிலிருந்தே பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தேன். கணக்கு சாருக்குக் கால அட்டவணை, மூத்த ஆசிரியைக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம். கணக்கு சார் போட்டதில் எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் நான்கு நாள் கடைசிப் பாடவேளை கணக்கு. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, இரவு வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். மறுநாள் பார்த்துவிட்டு "சரிங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அதிலிருந்து சாக்பீஸ் எடுக்கக்கூட என்னிடம் கேட்கிறார். விலகத்தான் நினைக்கிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்த "சரிங்க" எனக்கு நன்றாகத் தெரியும். நானும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

தலைமையாசிரியராக இருந்த ஒன்பதாவது வருடம் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக நாற்பது நாள் விடுப்பு எடுத்தேன். அலுவலக அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு பீரோ சாவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறந்து எடுத்து வந்ததாகத்தான் அன்று சொன்னேன். நான்காம் நாள் பொறுப்பு ஆசிரியர் வெயிலில் சைக்கிளில் வந்து நிற்கிறார். ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறது, பையனுக்கு உடனே டி.சி. வேண்டும், சான்றிதழ் புத்தகம் பீரோவுக்குள் இருக்கிறது. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவெல்லாம் வராத காலம், கையால் எழுதித் தருவதுதான். தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் மனைவியிடம், "பாத்தியா, நான் இல்லாம ஒண்ணும் நடக்கல" என்றேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "சாவி இல்லாமத்தானே நடக்கல" என்றாள்.

திரும்பிப் போனபோது பள்ளி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. காலை வழிபாடு இருபது நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாகியிருந்தது. பிள்ளைகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உதவித்தொகைப் பதிவேட்டைக் குழப்பி வைத்திருந்தார்கள், சரிசெய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. குழப்பம் வராது என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். வரும்.

கால அட்டவணைக்கு வருகிறேன். ஏன் அப்படிப் போட்டார் என்று அவரைக் கேட்டீர்களா? உங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் கணக்குக்கு அவர் ஒருவர்தான் என்றால், யாராவது ஒரு வகுப்புக்குக் கடைசிப் பாடவேளை போய்த்தான் தீரும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஆறாம் வகுப்புக்குக் காலை நேரத்தை ஒதுக்கியிருக்கலாம். வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவர் அட்டவணையையே திருப்பிக் கொடுங்கள், "நான் மாத்தினது தப்பு சார்" என்று ஆசிரியர் அறையில், நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். காலாண்டுத் தேர்வு வரை அது ஓடட்டும். கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்பு கொட்டாவி விட்டால் முதலில் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

மேலாண்மைக் குழுவில் உங்கள் வேலை இன்னும் சுலபம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். தலைவராக இருப்பவரும் ஒரு பெற்றோர்தான். ஆனால் நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் நடு நாற்காலியில் உட்கார்ந்து பேச, தலைவர் ஓரமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் கழுத்தைத் திருப்பி உங்களைத்தான் பார்ப்பார்கள். மேஜையில் இருக்கிற பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருங்கள்.

காசோலைக் கையெழுத்தும், ஒரு பிள்ளைக்குத் தொந்தரவு என்று வரும் புகாரும் மே 31 வரை உங்களுடையவை. அதில் தாராளம் வேண்டாம்.

இதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 1901-இல் ஐந்து மாணவர்களோடு சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், 1940 பிப்ரவரியில் அங்கே வந்த காந்தி விடைபெறும் நேரத்தில் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த விஸ்வபாரதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அப்போது தாகூருக்கு வயது 78. மறுவருடம் இறந்துபோனார். 1951-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமானது. உங்களுக்கு மே வரை அவகாசம் இருக்கிறது, பொறுப்பை வாங்கிக்கொள்ளப் பக்கத்து அறையிலேயே ஆளும் இருக்கிறார். (நான் 58-இல் ஓய்வு பெற்றவன். ஓய்வு வயது 2020-இல் 59, அடுத்த வருடம் 60 என்று ஆனது. இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் அந்தப் பீரோ சாவியை இன்னொரு முறை தலையணைக்கு அடியில் வைத்திருப்பேனோ என்னவோ.)

சாக்பீஸ் கேட்டு அடுத்த முறை வந்தால் பதில் சொல்ல வேண்டாம். அலமாரியைப் பூட்டாமல் விடுங்கள், போதும். காலாண்டு முடிந்ததும் எட்டாம் வகுப்புக் கணக்கு எந்தப் பாடவேளைக்குப் போனது என்று ஒரு வரி எழுதுங்கள்.