தங்கம் ஏறுதென்று டாப்-அப், அதில் ரேஸ் கார்: எங்கே நிறுத்துவது?

கேள்வி: வயது 29. காட்பாடியில் குடியிருக்கிறோம், ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. கைக்கு 41,000 வருகிறது. மனைவிக்குத் தனியார் பள்ளியில் 14,000. கார் ரேஸில் இறங்கவேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்து ஆசை. இரண்டு வருடம் முன்பு மனைவியின் 6 பவுன் நகையை ஒரு நிதி நிறுவனத்தில் வைத்து 1,20,000 வாங்கினேன். அதில் 85,000-க்கு ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் எடுத்தேன். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வேலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர்தான் வண்டியை ரெடி செய்கிறார். தங்கம் விலை ஏற ஏற 50,000, 60,000, 45,000 என்று மூன்று முறை அதே நகைமேல் கூடுதல் கடன், அதாவது டாப்-அப், எடுத்தேன். எஞ்சினில் ஹெட் வேலை, கேம்ஷாஃப்ட், புகை போகும் ஹெடர் குழாய், அதோடு அலாய் வீல், செகண்ட் ஹேண்ட் பக்கெட் சீட் என்று செலவாகிவிட்டது. கட்டாத வட்டியும் அசலில் சேர்ந்து இப்போது கடன் 3,10,000, வட்டி 15 சதவீதம். இன்னும் 60,000 போட்டால் வண்டி முடிந்துவிடும் என்கிறார் மச்சான். அந்த 60,000-ம் டாப்-அப் கிடைக்கும் என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, எடுக்கலாமா? ஒரு லட்ச ரூபாய் சீட்டு மாதம் 5,000 கட்டுகிறேன், 8 தவணை பாக்கி. அதை எடுத்து டயர் வாங்கலாமா? செலவு, சீட்டு எல்லாம் போக, வட்டி கட்டாமல் இருந்தால், மாதம் 10,000 மிஞ்சும். அதில் 3,000-ஐ எலெக்ட்ரிக் வாகனக் கம்பெனிகளில் மட்டும் முதலீடு செய்யும் தீம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அடுத்த சீசனுக்கு ஆகுமா? வீட்டு வேகன்ஆரை டிராக்குக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: டாப்-அப் எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கடன் 1,20,000-லிருந்து 3,10,000 ஆனது ரேஸால் அல்ல. அந்த வண்டி இன்னும் ஒரு லேப்கூட ஓடவில்லையே! விலை ஏறியது என்று எஸ்எம்எஸ் வரும்போதெல்லாம் போய்க் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தப் பழக்கம்தான் இதைச் செய்தது. நகையில் ஒரு குண்டுமணி எடை கூடவில்லை. அன்றும் 48 கிராம், இன்றும் 48 கிராம். விலையேற்றத்தின் லாபம் உங்கள் மனைவிக்குச் சேரவேண்டியது. அதை முன்கூட்டியே உருவி, 15 சதவீத வட்டியும் கொடுத்து, தேய்ந்துபோகும் பொருளில் போட்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கிராம் 10,500 என்று வைத்தால் நகை மதிப்பு 5,04,000. இப்போது கடன் அதில் 61 சதவீதம், இன்னொரு 60,000 எடுத்தால் 73. அதன்பிறகு தங்கம் 15 சதவீதம் இறங்கினால் மதிப்பு 4,28,000 ஆகும், கடனோ 86 சதவீதத்தில் நிற்கும். அப்போது டாப்-அப் எஸ்எம்எஸ் வராது, ‘வித்தியாசத்தைக் கட்டு, இல்லையேல் ஏலம்’ என்ற நோட்டீஸ்தான் வரும். வட்டியை மட்டும் பார்த்தாலும் இன்றைக்கே வருடம் 46,500, மாதம் 3,875. மாதம் 10,000 மிஞ்சுகிறது என்கிறீர்களே, நிஜத்தில் மிஞ்சுவது ஆறாயிரம் சொச்சம்தான்.

அடுத்தது மச்சான் சொல்லும் ‘இன்னும் 60,000’. அவர் நல்ல மெக்கானிக்காக இருக்கலாம், ஆனால் வேலையின் வரிசை தலைகீழ். ரேஸுக்கு வண்டி கட்டுகிறவர்கள் ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூடு), பெல்ட், சீட், தீயணைப்பான், வெளியிலிருந்து கரண்டை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் ஆகியவற்றை முதலில் முடிப்பார்கள். அடுத்து பிரேக், அதற்கடுத்து டயர். எஞ்சினில் கை வைப்பது கடைசியில். நீங்கள் 1,90,000 செலவழித்தும் முதல் வரிசையில் இருப்பது ஒரு பக்கெட் சீட் மட்டும்தான், அதுவும் பழையது. அதன் ஸ்டிக்கரில் எஃப்ஐஏ 8855-1999 (உலக மோட்டார் பந்தய அமைப்பின் தர எண்) என்றும் தயாரித்த ஆண்டும் இருக்கும். தயாரித்த ஆண்டிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு. கெடு தாண்டியிருந்தால், அல்லது ஸ்டிக்கரே இல்லை என்றால், போட்டிக்கு முன் வண்டியைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய பெல்ட்டை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் இதே கதைதான். ஆக, அந்த 60,000-ல் வண்டி முடியாது. அதற்கப்புறம் ஒரு 80,000 வரும். முடிந்தாலும் கேஜ் போட்டு சீட் கழற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் பிளாட்பெட் லாரியில் ஏற்றி, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகவேண்டும், போக வர 200 கிலோமீட்டர். கோவை கரி ஸ்பீட்வே என்றால் அந்த வாடகையைச் சொல்லவே வேண்டாம்.

எஸ்டீமை விற்றுவிடுங்கள். அலாயையும் ஹெடரையும் தனியாக விற்றால் கொஞ்சம் கூட வரும். எஞ்சின் வேலைக்குக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள், அதை எதிர்பார்த்து ஆறு மாதம் நிறுத்திவைக்கவேண்டாம். எல்லாம் சேர்த்து 80,000 வந்தால் சரி.

சீட்டை எடுங்கள், டயருக்கு இல்லை, நகைக்கு. தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, 12,000 போனால் கைக்கு 88,000. கடைசிவரை காத்திருந்தால் கமிஷன் 5,000 போக 95,000 கிடைக்கும். அதாவது இழப்பு 7,000. ஆனால் 88,000-க்கு 15 சதவீத வட்டி எட்டு மாதத்துக்கு 8,800 மிச்சம். தள்ளு 13,000-ஐத் தாண்டினால் அந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த ஏலத்தில் பாருங்கள். எடுத்த பிறகும் தவணையைத் தவறாமல் கட்டவேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது கையில் 1,68,000. இதை நிதி நிறுவனத்தில் கட்டினால் பாக்கி 1,42,000. அந்தப் பாக்கிக்கு 3 பவுனே தாராளம் என்பதால், மீதி 3 பவுனை விடுவித்துத் தரச் சொல்லுங்கள். கணக்கை முடித்து மறு அடகாக எழுதித்தான் தருவோம் என்பார்கள், எழுதட்டும். விடுவித்த 3 பவுனை அன்றைக்கே வங்கியில் வைத்து 1,42,000 வாங்கி, நிதி நிறுவனக் கணக்கை அடியோடு முடியுங்கள். வங்கியில் வட்டி 9.5 என்று வைத்தால் மாதம் சுமார் 1,125. பாதி நகையும் வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் வைக்கும்போது செயின் ஒரு கணக்கு, வளையல் ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரித்து வையுங்கள். மொத்தமாக ஒரே பாக்கெட்டில் வைத்தால் முழுப்பணம் சேரும்வரை எதுவும் கைக்கு வராது. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம்.

மிஞ்சும் 10,000-ல் 8,000 கடனுக்கு. எட்டு மாதத்தில் சீட்டு முடிந்ததும் அந்த 5,000-மும் சேர்ந்து 13,000. சுமார் 15 மாதத்தில் கடன் தீரும். மீதி 2,000 ரேஸுக்கு, அதை வங்கி ஆர்.டி.யில் போடுங்கள். ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணத்துக்குத் தீம் ஃபண்டு என்று யார் சொன்னது? பெயரில் எலெக்ட்ரிக் இருக்கிறது என்பதற்காக அது ரேஸ்காரர்களுக்கான ஃபண்டு ஆகிவிடாது. மேலே போன வேகத்தில் கீழே வரும், நீங்கள் எடுக்கவேண்டிய மாதத்தில் எங்கே நிற்கும் என்று விற்றவருக்கே தெரியாது.

மாதம் 2,000-ல் ரேஸா என்று கேட்பீர்கள். முடியும், சொந்த வண்டி இல்லாவிட்டால். முதல் ஆறு மாதம் வாடகை கார்ட்டிங் (சிறிய டிராக்கில் ஓட்டும் குட்டி ரேஸ் வண்டி) போங்கள். பிரேக்கை எங்கே விடுவது, திருப்பத்தில் எந்தக் கோட்டில் நுழைவது என்பதை 1,90,000 ரூபாய் வேலையைவிட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

அதோடு டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலியைப் பாருங்கள். வேகன்ஆர் அதற்குப் போதும், ஒரு போல்ட்டைக்கூட மாற்றவேண்டாம். கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த பாதையில், நொடி பிசகாமல் போகவேண்டும். முந்தினாலும் பெனால்டி, பிந்தினாலும் பெனால்டி. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 நொடி. இப்படி 30, 40, 45-க்கும் ஒரு அட்டவணை எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டியின் மீட்டர் சரியாகக் காட்டாது, அதனால் முதலில் அளவு எடுக்கவேண்டும். கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ட்ரிப் மீட்டர் 10.2 காட்டினால், ரோடுபுக்கில் (நடத்துபவர்கள் தரும் பாதைக் குறிப்பில்) உள்ள தூரத்தை 1.02-ஆல் பெருக்கி மீட்டரில் பாருங்கள். டயர் காற்று குறைந்தால் இந்த எண்ணும் மாறும், காலையிலேயே பிரஷர் சரிபாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொல்ல ஒரு நேவிகேட்டர் வேண்டும். அடகுக் கணக்கை இத்தனை நாள் பொறுத்துக்கொண்ட மனைவியைவிடப் பொருத்தமான ஆள் யார்? போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) லைசென்ஸ் எது தேவை என்பதை நடத்தும் கிளப்பிடமே கேட்டு எடுங்கள்.

கடன் தீர்ந்த பிறகு டிராக். அப்போதும் வண்டி வாங்கவேண்டாம், டீமின் வண்டியை ஒரு வாரக்கடைசிக்குப் பணம் கட்டி ஓட்டும் முறை இருக்கிறது. நீங்கள் வாங்கவேண்டியது ஹெல்மெட், அதுவும் ஸ்னெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பின், கார் ரேஸுக்கான எஸ்ஏ முத்திரை உள்ளதாக. பைக்குக்கான எம் முத்திரை ஹெல்மெட் பாதி விலையில் கிடைக்கும், ஆனால் அதன் உள்துணிக்குத் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது.

வேகன்ஆரை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். உயரமான வண்டி, அதற்கு ஏற்றதல்ல. சாதாரண பிரேக் ஆயில் சூடேறிக் கொதித்தால் பெடல் தரைவரை போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி தாங்கவேண்டும் என்பது விதி, ஈரம் இழுத்த பிறகு அது 155-தான். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பணவிஷயம் இதைவிட முக்கியம்: மோட்டார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை இரண்டும் விலக்கு என்று அச்சிட்டே இருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. டிஎஸ்டிக்குப் போகும்முன்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், ‘ரிலையபிலிட்டி ட்ரையல்’ என்ற வார்த்தையும் அந்த விலக்குப் பட்டியலில் உண்டு.

மெடிக்ளெய்மில் மோட்டார் ரேஸை ‘தொழில்முறையாக’ச் செய்தால் விலக்கு என்று இருக்கும், நீங்கள் அமெச்சூர்தான் என்பதற்கு லைசென்ஸ் நகலைப் பத்திரமாக வையுங்கள். தனிநபர் விபத்துப் பாலிசியில் பெரும்பாலும் ரேஸே விலக்கு. டெர்ம் பாலிசி எடுக்கும்போது ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றே எழுதுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்’ என்று சொல்லும் ஏஜென்ட் கிடைத்தால், வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.