மது குடித்த குடலை மீன் எண்ணெய் மாத்திரை காப்பாற்றுமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் உங்கள் மாமா வாரக் கடைசியில் நன்றாகக் குடிக்கிறார், மறுநாள் காலை இரண்டு ஒமேகா-3 (மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம்) மாத்திரை போட்டால் குடலுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

குடலின் உட்சுவரில் செல்கள் செங்கல் போல நெருக்கமாக ஒட்டியிருக்கும். மதுவும், அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் அந்த ஒட்டைத் தளர்த்திவிடும். அப்புறம் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் இரத்தத்தில் கசிந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அழற்சியைக் கிளப்பும். வலி கூடத் தெரியாது.

ஒமேகா-3 கொழுப்பு அமிலம்தான், ஆனால் கொழுப்பு அமிலம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய உணவு பியூட்டிரேட் என்ற குட்டிக் கொழுப்பு அமிலம். (கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்குமே, அதுதான்.) அதைக் கொடுத்த எலிகளுக்கு மதுவால் வந்த குடல் கசிவு குறைந்தது. ஆனால் எலிக்குச் சரி, மாமாவுக்கு? குடிப்பவர்களின் குடலை பியூட்டிரேட் மாத்திரையோ ஒமேகா-3 மாத்திரையோ காக்கும் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நார்ச்சத்தைப் புளிக்க வைத்து நம் குடல் பாக்டீரியாவே பியூட்டிரேட் செய்துவிடும். பியூட்டிரேட்டுக்குப் பருப்பும் கீரையும் போதும், பார்மசிக்குக் காசு கொட்ட வேண்டாம்.

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும், சாதாரண வகையில் ஒமேகா-3 கிட்டத்தட்ட 300தான்.

மாமா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரையை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.