ஃப்ளாட்டில் சுவரை இடிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: அடுக்குமாடியில் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்க வேண்டும், பழைய தரைமேல் கலவை போட்டுப் புது டைல்ஸ் பதிக்க வேண்டும், ஒரு பாத்ரூமை இடம் மாற்ற வேண்டும். "உங்க வீட்டுக்குள்ள செய்றதுக்கு யாரைக் கேக்கணும்?" என்கிறார் கான்ட்ராக்டர். அது சரியா?

பதில்: சரியில்லை. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் தூண், பீம், தளம், வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் டக்ட் ஆகியவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. பெயின்ட், அலமாரி என்றால் அசோசியேஷனுக்குத் தகவல் சொன்னாலே பல இடங்களில் போதும். நீங்கள் கேட்கும் மூன்றும் அந்த ரகமல்ல.

முதலில் சுவர். மேஸ்திரி தட்டிப் பார்த்து "வெறும் செங்கல்தான் சார்" என்பார். தூண், பீம் போட்ட கட்டடத்தில் செங்கல் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். தூணே இல்லாத பழைய கட்டடத்தில் மேல்தளத்தைத் தாங்குவதே அந்தச் செங்கல்தான். எல்லாச் சுவரையும் கான்கிரீட்டில் வார்த்த புதுக் கட்டடங்களில் ஜன்னல் அளவு திறப்புக்கூட ஆபத்து. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் சுத்தியலைத் தூக்க விடாதீர்கள்.

தரை விஷயத்தில் பலரும் எடையை மறக்கிறார்கள். 5 செ.மீ. கனத்துக்குச் சிமென்ட் கலவை போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ ஏறும். வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் என்று வழக்கமாக ஒதுக்கும் சுமையே 200 கிலோ அளவுதான். சோபா வருவதற்கு முன்பே பாதி போய்விடும். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் பதியுங்கள்.

பாத்ரூம் இடமாற்றத்தை, என்னைக் கேட்டால், கைவிடுங்கள். கீழ்வீட்டுக்காரரின் படுக்கைக்கு மேல் உங்கள் கழிவுக்குழாய் ஓடுவதற்குப் பல அசோசியேஷன்கள் நேரடியாகவே மறுத்துவிடும். இருக்கும் இடத்திலேயே புதுப்பிக்கலாம். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் பதிக்கும் முன், வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே அந்தச் சீலிங்கைப் படம் எடுத்து வைத்தால், பழைய கறைக்கும் சேர்த்து நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

பொறியாளர் வரைபடத்துடன் அசோசியேஷனில் எழுத்து மூலம் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். செயலாளர் வாய்மொழியாகத் தலையாட்டியது அடுத்த கமிட்டியிடம் செல்லாது. கட்டமைப்பிலோ அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலோ மாற்றம் இருந்தால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் தேவைப்படும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது. வேலை நேரம், இடிபாடு அகற்றுவது, லிஃப்ட் உபயோகம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை எல்லாம் பெரும்பாலும் அசோசியேஷனின் விதிகளான பைலாவில் இருக்கும். சான்று கைக்கு வரும்வரை கான்ட்ராக்டருக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய ஃப்ளாட் என்பதால் இன்னொன்று: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கி, இப்போதைய வீட்டோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளர் பால்கனியை அடைத்திருந்தால், ஆய்வுக்கு வருபவர் இப்போதைய உரிமையாளரான உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்.