2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டதால் பழைய வழக்குகள் என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவை தொடரும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 358-ஆவது பிரிவு, பழைய சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பொறுப்புகளையும் தண்டனைகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டம் விதித்ததைவிடக் கடுமையான தண்டனையை வழங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1)-ஆவது உறுப்பும் தடுக்கிறது. ஆகவே, ஜூன் மாதம் நடந்த கொலைக்குப் பழைய சட்டத்தின் 302-ஆவது பிரிவும், ஜூலையில் நடந்ததற்குப் புதிய 103-ஆவது பிரிவும் பொருந்தும்.

விசாரணை நடைமுறைதான் சற்றுச் சிக்கலானது. 2024 ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்த புலன் விசாரணை, வழக்கு விசாரணை, மேல்முறையீடு ஆகியவை 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படியே முடிக்கப்பட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531-ஆவது பிரிவு கூறுகிறது. குற்றம் முன்பே நடந்து, முதல் தகவல் அறிக்கை பின்னர் பதிவானால், குற்றப் பிரிவு பழையதாகவும் நடைமுறை புதியதாகவும் அமையும் என்பதே பல உயர் நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு. எனவே இரண்டு சட்டங்களும் நீதிமன்றங்களில் நெடுங்காலம் அருகருகே இயங்கும்; மோசடிப் பிரிவு 318-ஆக மாறிவிட்டாலும், பேச்சு வழக்கில் ‘ஃபோர் ட்வென்டி’ அவ்வளவு எளிதில் மறையாது.