நர்சிங் கல்லூரி தேடுகிறீர்களா? முதலில் வார்டைப் பாருங்கள்

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தனியார் கல்லூரிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒன்றில் ஏ.சி. வகுப்பறை, நோயாளி போலவே செய்த விலை உயர்ந்த பொம்மைகள் வைத்த லேப், ஊருக்கே வரும் பஸ். இன்னொன்றில் படித்து முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று உறுதி சொல்கிறார்கள். மூன்றாவது பழைய கட்டடம், ஹாஸ்டலும் சுமார்தான், ஆனால் ஒரே வளாகத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. "எதில் சேர்க்கட்டும்? படித்து முடித்தால் வேலை எப்படி?" என்று கேட்கிறார்.

அம்மா, மூன்றாவது கல்லூரியைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. என் கண் அதில்தான் நின்றது. நர்சிங்கை வகுப்பறையில் உட்கார்ந்து படித்து முடிக்க முடியாது. 2021-22 கல்வியாண்டில் வந்த பாடத்திட்டத்தில் நான்கு ஆண்டுப் படிப்பு எட்டு செமஸ்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே வார்டு போஸ்டிங், அதாவது வார்டில் நின்று பழகும் பயிற்சி, தொடங்கிவிடும். எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்: 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம், ஏறக்குறைய ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பார்க்கும் அளவுக்கு வேலை. இத்தனை மணி நேரமும் உங்கள் மகள் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நோயாளிகளுக்கு நடுவில், யாருடைய கண்காணிப்பில் நிற்கப் போகிறாள் என்பதுதான் அவள் எப்படிப்பட்ட நர்ஸாக வருவாள் என்பதைத் தீர்மானிக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறந்துபோவதற்கான வாய்ப்பு, ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம் 7 சதவீதம் கூடுகிறது. அந்த ஆஸ்பத்திரியில் பட்டப்படிப்பு படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. நர்ஸின் படிப்பும் நர்ஸின் எண்ணிக்கையும் நேரடியாக உயிரோடு சம்பந்தப்பட்டவை. "டாக்டர் சொன்னதைச் செய்கிற வேலைதானே" என்று உறவினர்கள் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி கல்லூரிக்குப் போனால் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன்.

நர்சிங் கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி வேண்டும், குறைந்தது 100 படுக்கைகள் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. படுக்கை இருந்தால் மட்டும் போதாது, நான்கில் மூன்று பங்காவது நோயாளிகள் இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள், பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் கணக்கு. காகிதத்தில் எல்லாக் கல்லூரியும் இதைக் காட்டும். அதனால் சேர்க்கை மேளா நடக்கும் நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ காலை பத்து மணிக்கு, யாரையோ பார்க்க வந்தவர்களைப் போல ஆஸ்பத்திரிக்குள் போய் உட்காருங்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா? ஜெனரல் வார்டில் எத்தனை கட்டில் காலி? பிரசவ வார்டு நடக்கிறதா? சீருடையில் இருக்கும் மாணவிகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? நோயாளி பக்கத்தில் நின்று பி.பி. பார்க்கிறார்களா, அல்லது வார்டு மூலையில் கூட்டமாக உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் கேர் பிளான் (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம்) காப்பி அடித்துக்கொண்டிருக்கிறார்களா? அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும்.

அடுத்ததாக, மாணவிகளோடு வார்டில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நம் ஊர் நர்சிங் கல்வியின் பெரிய ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி ஆசிரியை வகுப்பில் ஒரு முறையைச் சொல்லிக்கொடுப்பார். வார்டில் இருக்கும் சிஸ்டர், நாற்பது நோயாளிகளை ஒருவராகப் பார்க்கிற அவசரத்தில், வேறு முறையில் செய்வார். ஆசிரியைக்கு வார்டில் அதிகாரம் கிடையாது. சிஸ்டருக்கு மாணவிக்குக் கற்றுத்தர நேரமும் கிடையாது, கடமையும் கிடையாது. நடுவில் பிள்ளை நிற்கிறாள். டிரஸ்ஸிங் மாற்றும்போது கை கழுவச் சொல்லி வகுப்பில் படித்தவள், வார்டில் கழுவும் இடத்தில் சோப்பே இல்லாததைப் பார்க்கிறாள். இரண்டாவது வருடம் வருவதற்குள், படித்தது பரீட்சைக்கு, செய்வது வேறு என்று அவள் மனதுக்குள் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. அந்தக் கோடு விழுந்த பிறகு எத்தனை பட்டம் வாங்கினாலும் அதை அழிப்பது கஷ்டம்.

இதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் காலத்திலேயே, 1909-ல், நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும்தான் இந்தியாவில் முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. அங்கே நான் மதிப்பது ஒரு விஷயத்தை: கல்லூரியில் பாடம் எடுக்கும் பேராசிரியைகளே வார்டுகளின் நர்சிங் பொறுப்பிலும் இருப்பார்கள். பாடம் சொல்பவரும் வார்டை நடத்துபவரும் ஒரே ஆளாக இருந்தால் வகுப்புக்கும் வார்டுக்கும் நடுவில் இடைவெளி விழ இடமில்லை. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் வேறொரு வழியைப் பார்த்தது. குறிப்பிட்ட சில வார்டுகளைக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்கி, அந்த வார்டு நர்ஸ்களையே மாணவர்களுக்குப் பயிற்றுநர்களாக்கியது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. எல்லாக் கல்லூரியும் வேலூர் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வார்டிலும் அனுபவமுள்ள ஒரு சிஸ்டரைத் தேர்ந்தெடுத்து, அவர் பார்க்கும் நோயாளிகளைக் குறைத்து, நான்கைந்து மாணவிகளை அவர் பொறுப்பில் விடுவதற்கு எந்த ஆஸ்பத்திரியாலும் முடியும். அந்தச் சிஸ்டருக்கு அதற்கென்று கொஞ்சம் கூடுதல் சம்பளம் தர மனம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே முதல்வரிடம் தயங்காமல் கேளுங்கள்: "உங்கள் ஆசிரியர்கள் வார்டில் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள்? போஸ்டிங்கின்போது முழு நேரமும் கூட இருப்பார்களா?" கேள்வியைக் கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, இதுவரை தனியாக எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கிறாய், எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வார்கள்.

முதல் கல்லூரியின் பொம்மை லேபை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் பத்து கல்லூரிகளில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, வார்டுப் பயிற்சியில் பாதி வரை தரமான சிமுலேஷனாக (பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் பயிற்சி) மாற்றினாலும் மாணவர்களின் திறமை குறையவில்லை என்று காட்டியது. தரமான என்ற சொல்லைக் கவனியுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர், உண்மை நோயாளியின் நிலையைப் போலவே அமைத்த சூழ்நிலை, முடிந்ததும் உட்கார்ந்து எங்கே தவறினோம் என்று பேசுவது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் அது. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் பொம்மையிடம் யாரும் எதையும் கற்க முடியாது. சாவி யாரிடம் இருக்கிறது, மாணவிகள் மாலையில் போய்ப் பழகலாமா என்று கேளுங்கள்.

அங்கீகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இரண்டின் பட்டியலிலும் கல்லூரி பெயர் இந்த ஆண்டுக்கு இருக்க வேண்டும். பழைய ஆண்டின் கடிதத்தை ஃபிரேம் போட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யை விட்டு நர்சிங் கல்லூரிகளைச் சோதிக்க வைத்தபோது, எந்த வசதியும் இல்லாமல் காகிதத்தில் மட்டும் நடந்த கல்லூரிகள் வெளியே வந்தன. 2024-ல் 66 கல்லூரிகளின் அங்கீகாரத்தை அங்கே ரத்து செய்தார்கள். சோதிக்கப் போன அதிகாரிகளிலேயே சிலர் லஞ்ச வழக்கில் கைதானார்கள். அந்தக் கல்லூரிகளில் பணம் கட்டிய குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

கலந்தாய்வு விண்ணப்பத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். அரசுக் கல்லூரிகளில் இடம் குறைவு, ஆனால் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கலந்தாய்வில் வரும். சென்னை, மதுரை போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டடம் பழையதாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு மாணவி ஒரு மாதத்தில் பார்க்கும் நோயாளிகளைச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வருடம் முழுவதும் நின்றாலும் பார்க்க முடியாது.

இப்போது மகளிடம் கொஞ்சம் பேச வேண்டும். இந்தப் பகுதியை அவளே படிக்கட்டும்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், பாதி உன் கையில்தான் இருக்கிறதும்மா. வார்டுக்குப் போன முதல் வாரமே ஒன்றைக் கவனிப்பாய். பல கேஸ் ஷீட்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே எழுதியிருக்கும். காய்ச்சல்காரருக்கும் 20, வயிற்று ஆபரேஷன் ஆனவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நீ எண்ணு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க, நோயாளிக்குத் தெரியாமல், நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணு. உடல்நிலை மோசமாகப் போவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் மூச்சு முக்கியமானது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அது ஒன்றுக்கே உச்ச மதிப்பெண்ணான 3 விழும். உடனே வந்து பார்க்கச் சொல்லும் அளவு அது. 20 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வார்டில் அந்த எச்சரிக்கை வராது.

டியூட்டி மாறும்போது நடக்கும் ஹேண்டோவரைத் தவறவிடாதே. இரவு சிஸ்டர் காலை சிஸ்டரிடம் என்ன சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று பக்கத்தில் நின்று கேள். மருந்து கொடுக்கும்போது சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. அவசரப்படுத்தினாலும் சொல். ஒவ்வொரு நாளும் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, இந்த மருந்து இவருக்கு ஏன் என்று ஒரு கேள்வியோடு ஹாஸ்டலுக்குத் திரும்பு. ராத்திரி புத்தகத்தைத் திறக்கும்போது அந்த நோயாளியின் முகம் உன் முன்னால் இருக்கும், படித்தது மறக்காது. செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் செய்யாததைச் செய்ததாக எழுதாதே. கையெழுத்து கிடைத்துவிடும், கை பழகாது.

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் வேண்டும். சில வார்டுகளில் திட்டு விழும். விழட்டும். தெரியாமல் ஊசி போடுவதைவிடத் திட்டு வாங்குவது நல்லது.

அம்மாவுக்கு மறுபடி வருகிறேன். வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் வார்டில்தான் இருக்கிறது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் நர்சிங் ஆபீசர் வேலைக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத்தேர்வு நடக்கிறது. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. பையன்களை நர்சிங்கில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், அதில் 80 சதவீத இடம் பெண்களுக்கு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு உண்டு. ஆனால் பலர் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள், நிரந்தரமாக வருடக்கணக்கில் காத்திருந்து போராட வேண்டியிருந்தது.

வெளிநாடு என்றால், அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறிவிட்டது. நோயாளியின் நிலையைச் சொல்லி, எதை முதலில் கவனிப்பாய், என்ன முடிவெடுப்பாய் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் செய்முறைத் தேர்வில் நேரில் செய்து காட்ட வேண்டும். ஜெர்மனிக்கு மொழியும் படிக்க வேண்டும். இதில் எதையும் ஒரு கல்லூரி "வாங்கித் தர" முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்ப நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது, 1978 முதல் நடக்கிறது. இப்போதே ஏஜென்டிடம் முன்பணம் தர அவசியமே இல்லை.

உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இன்னும் பல இடங்களில் அது எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் கல்லூரியில் பணம் கட்டும் முன்பே ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: படித்து முடித்ததும் அவர்களுடைய ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்டு உண்டா, உண்டென்றால் சம்பளம் எவ்வளவு, ஒரிஜினல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள்? மூன்றாவது கல்லூரி இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால், வார்டும் நான் சொன்னபடி இருந்தால், கட்டடத்தைப் பார்க்காமல் சேர்த்துவிடுங்கள். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு மட்டும் வாரம் ஒருமுறை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்.